ஆஸ்கருக்குத் துணையாக எந்த மீனை விடலாம்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு டைகர் ஆஸ்கர், 8 அங்குலம் இருக்கும். முன்பு விட்ட மோலி, கோல்டு ஃபிஷ் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. தனியாகக் கிடக்கிறதே என்று பாவமாக இருக்கிறது. கடையில் கேட்டால், 'சரிக்குச் சரியா ஒரு ஃபிளவர்ஹார்ன் விடுங்க, இல்லன்னா ரெட்டெயில் கேட்ஃபிஷ் விடுங்க, அடங்கிடும்' என்கிறார்கள். எதை விடலாம்? ஏற்காட்டில் அண்ணன் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைக்க ஆசை. அங்கே என்ன மாறும்?"

தம்பி, இரண்டையும் விடாதீர்கள். ஃபிளவர்ஹார்ன் விட்டால் ஒரு வாரத்துக்குள் இரண்டில் ஒன்று கிழிந்துபோய் மூலையில் கிடக்கும். ரெட்டெயில் விட்டால் சண்டையே நடக்காது. ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் ஆஸ்கரைக் காணோம் என்று தேடுவீர்கள், அது ரெட்டெயிலின் வயிற்றுக்குள் இருக்கும். கடையில் 3 அங்குலத்தில் மீசையை ஆட்டிக்கொண்டு அழகாக நிற்கும் அந்த ரெட்டெயில் அமேசான் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிற மீன். அதற்கு ஏற்ற தொட்டி சேலத்தில் எந்த வீட்டு ஹாலிலும் அடங்காது.

"சரிக்குச் சரி" என்ற அந்த யோசனையைத்தான் முதலில் மனசிலிருந்து எடுக்க வேண்டும். முரட்டு மீனுக்கு இன்னொரு முரட்டு மீன் துணையாகாது. திருப்பி அடிக்காத, இதன் இடத்துக்குப் போட்டி போடாத, பார்க்க இதைப் போலவே இல்லாத, ஆனால் இதன் வாய்க்குள் போகாத அளவுள்ள மீன்தான் துணை. ஃபிளவர்ஹார்ன் இதில் மூன்றில் தோற்றுவிடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், பாரட், கன்விக்ட் எல்லாமே சிக்லிட் குடும்பம். மேட்டூர் அணையிலிருந்து நம் மார்க்கெட்டுக்கு வருகிற ஜிலேபி மீனும் அதே குடும்பம்தான். ஏரிக்கரையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது ஆண் ஜிலேபி தரையில் வட்டமாகக் குழி பறித்துவிட்டு, பக்கத்தில் வருகிற எல்லா மீனையும் விரட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குணம் இந்தக் குடும்பத்துக்கே பொது. இவை தரையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதைக் காக்கும். ஆறு, ஏரியில் தோற்ற மீன் பத்தடி தள்ளிப் போய்விடும், அதோடு சண்டை முடிந்தது. 4 அடித் தொட்டியில் அது எங்கே போகும்? ஜெயித்த மீனின் கண்ணில் நாள் முழுக்கப் பட்டுக்கொண்டே இருப்பதால் அடியும் நிற்பதில்லை. அந்த மீன் குணம் கெட்டது என்று அர்த்தமில்லை, ஓடுவதற்கு இடம் தரவில்லை என்று அர்த்தம்.

ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன். மத்திய அமெரிக்க சிக்லிட்களின் ரத்தம் அதில் ஓடுகிறது. ஆஸ்கரை விட வேகமும் பிடிவாதமும் அதற்கு அதிகம், கண்ணாடிக்கு வெளியே நம் விரலைப் பார்த்தாலே பாய்ந்து வரும். ஆஸ்கர் உருவத்தில் பெரிதானாலும் அடிப்படையில் மந்தமான மீன். மிரட்டும், தள்ளும், ஆனால் விடாமல் துரத்திக் கொல்கிற பழக்கம் அதற்குக் குறைவு. 8 அங்குல ஆஸ்கரை 6 அங்குல ஃபிளவர்ஹார்ன் ஒடுக்கிவிடும். ஃபிளவர்ஹார்ன் வேண்டுமென்றால் அதற்கெனத் தனித் தொட்டி வையுங்கள். அது தனியாக இருந்தால்தான் நிறமும் தலைக்கொண்டையும் நன்றாக வரும், ஆளோடும் பழகும்.

சின்ன மீன் என்றால் சாது என்றும் நினைக்க வேண்டாம். 4 அங்குல கன்விக்ட் ஜோடி ஒன்று முட்டை வைத்துவிட்டால், ஓரடி ஆஸ்கரை மூலையில் ஒடுங்க வைத்துவிடும்.

அடுத்து வாய். ஆஸ்கரின் தாடை முன்னால் நீண்டு, வாய் பை போல் விரியும், அதோடு தண்ணீரையும் உறிஞ்சும். 8 அங்குல ஆஸ்கர் 3 அங்குல மெலிந்த மீனை ஒரே மூச்சில் விழுங்கும். அதனால் விடப்போகிற மீன், சில்வர் டாலர் மாதிரி வட்டமாக, அகலமாக இருந்தால் குறைந்தது 4 அங்குலமும், நீளமாக மெலிந்திருந்தால் 6 அங்குலத்துக்கு மேலும் இருக்க வேண்டும். உங்கள் ஆஸ்கர் இன்னும் வளரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல தொட்டியில் அது 12 அங்குலம் தொடும்.

வாய் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காவிரிக்கரையிலிருந்து சின்னக் கெளுத்தியைப் பிடித்து வந்து தொட்டியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கெளுத்தியின் முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று மீன் ஆய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆஸ்கர் அதை விழுங்கப் போகும்போது கெளுத்தி பக்க முள்ளை விறைத்துக்கொள்ளும். முள் தொண்டையில் மாட்டி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. இரண்டு மீனும் சாகும். ஆற்று மீன் கூடவே ஒட்டுண்ணிகளும் வரும், செதிலுக்கடியில் நூல்போலத் தொங்கும் புழுவை நான் பல தொட்டிகளில் பார்த்திருக்கிறேன். விராலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது ஆஸ்கரை விடப் பெரிய வாய்.

இப்போது உங்கள் தொட்டியின் கணக்குக்கு வருவோம். 4 × 1.5 × 1.5 என்றால் 9 கன அடி, ஏறக்குறைய 255 லிட்டர். கல்லும் மேலே விடுகிற காலியிடமும் போனால் 220 லிட்டர்தான் தண்ணீர். இது வளர்ந்த ஒரு ஆஸ்கருக்கே குறைந்தபட்ச இடம். கண்ணுக்கு இன்னும் நிறைய இடம் இருப்பதாகத் தெரியும், ஆனால் ஆஸ்கர் நன்றாகத் தின்று நிறையக் கழிக்கிற மீன். அதன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை ஃபில்டரில் வளரும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றித்தான் வெளியே எடுக்க முடியும். பக்கத்தில் இன்னொரு பெரிய மீன் வந்தால் சண்டை வராவிட்டாலும் தண்ணீர் கெடும். தண்ணீர் கெட்டால் மீனுக்கு எரிச்சல் கூடும், எரிச்சல் கூடினால் சண்டை வரும். "திடீர்னு சண்டை போட ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்கிறவர்களிடம் கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது என்று கேட்டால், பாதிப் பேருக்கு அங்கேயே காரணம் கிடைத்துவிடும்.

சேலத்துக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மாமாங்கம், கருப்பூர் பக்கமெல்லாம் வெள்ளைக்கல் பூமி, மாக்னசைட் வெட்டி எடுத்த மண். நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இப்படிப்பட்ட தண்ணீரில் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, பெரும்பாலும் 7.5-க்கு மேல்தான் நிற்கும். ஆஸ்கர் அதைத் தாங்கிக்கொள்ளும், பயமில்லை. ஆனால் பிஹெச் 7-லிருந்து 8-க்குப் போனால் அதே அளவு அமோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் செய்கிற நெரிசலை நாம் செய்ய முடியாது. மாநகராட்சியின் மேட்டூர்த் தண்ணீர் இதற்கு நல்லதுதான், ஆனால் குளோரின் கலந்து வரும். ஒரு நாள் டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டோ, ஆன்டி-குளோரின் சொட்டு விட்டோதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். குழாயிலிருந்து நேராக ஊற்றினால் மீனின் செவுளும் எரியும், ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும்.

சித்திரை, வைகாசியில் இன்னொன்றும் சேரும். நம் வீடுகளில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி வரை ஏறிவிடுகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அந்த நேரம் மின்சாரமும் போனால், இரண்டு பெரிய மீன் இருக்கிற தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். துணை மீன் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

ஆகவே, இந்த 4 அடித் தொட்டியில் ஆஸ்கர் தனியாகவே இருக்கட்டும் என்பதுதான் என் பதில். பாவம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்கர் கூட்டமாக வாழ்ந்தே ஆக வேண்டிய மீன் இல்லை. வீட்டில் யார் தீனி போடுகிறார்கள் என்று அடையாளம் கண்டுகொள்ளும், நீங்கள் உள்ளே வந்தால் கண்ணாடி பக்கம் வந்து நிற்கும், கல்லை வாயில் எடுத்து இடம் மாற்றும். ஒரு பிளாஸ்டிக் பந்தை மிதக்க விட்டால் தள்ளி விளையாடும். தீனியை மாற்றி மாற்றிப் போடுங்கள்: நல்ல பெல்லட், இறால், மண்புழு, வெட்டுக்கிளி. ஆற்றிலும் அது பூச்சி, இறால், நத்தை, சின்ன மீன் என்று கலந்துதான் தின்கிறது. உயிரோடு கோல்டு ஃபிஷ் போடுவதை நிறுத்திவிடுங்கள். கோல்டு ஃபிஷ்ஷில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும், கூடவே வெள்ளைப்புள்ளி நோயையும் கொண்டு வரும். நகரும் மீனெல்லாம் தீனி என்று ஆஸ்கருக்குப் பழக்கியதும் அதுதான். அந்தப் பழக்கத்தோடு இருக்கிற மீனுக்குத் துணை தேடுவது இன்னும் கஷ்டம்.

துணை இருந்தே ஆக வேண்டும் என்றால், செலவு செய்ய வேண்டியது முதலில் தொட்டிக்கு. 6 × 2 × 2 அடி, 24 கன அடி, சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டும் 680 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 800-ஐத் தாண்டும். தரைத்தளத்தில் வையுங்கள், மாடி என்றால் இன்ஜினியரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். மூடி கட்டாயம், ஆஸ்கர் எகிறிக் குதிக்கும். உயரம் கூட்டி வாங்குவதில் பயனில்லை. நீளமும் அகலமும்தான் சண்டையைக் குறைக்கும், ஏனென்றால் இவை பங்கு போடுவது தரையைத்தான்.

அந்தத் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது சில்வர் டாலர், ஐந்தாறு சேர்ந்து. இதைவிடப் பொருத்தமான துணை ஆஸ்கருக்கு இல்லை என்பேன். சிக்லிட் கிடையாது, தரையைக் கேட்காது, நடுத்தண்ணீரில் வேகமாகத் திரியும், உடல் தட்டையாக வட்டமாக இருப்பதால் விழுங்கவும் முடியாது. ஆஸ்கர் ஒரு தடவை துரத்திப் பார்க்கும், பிடிக்க முடியாது, அப்புறம் கண்டுகொள்ளாது. ஒன்றிரண்டு மட்டும் விட்டால் பயந்து மூலையிலேயே நிற்கும், கூட்டமாக இருந்தால்தான் அதன் நடமாட்டம் சரியாக இருக்கும். ஆஸ்கரும் அந்த நடமாட்டத்தைப் பார்த்துத் தைரியமாக வெளியே வரும். இவை இலை தின்கிற மீன், கீரையும் வெள்ளரியும் போட வேண்டும்.

வாங்கும்போது கவனியுங்கள். சில்வர் டாலர் மாதிரியே இருக்கும் சிவப்பு வயிற்றுக் குஞ்சுகளை "பிரானா" என்று சொல்லி விற்பார்கள். பெரும்பாலும் அது நம் மீன் மார்க்கெட்டில் வெட்டி விற்கிற ரூப்சந்த். கிலோ கணக்கில் வளரும். அதே மாதிரி "ஷார்க்" என்று விற்கிற கறுப்பு மீன் உணவுக்கு வளர்க்கிற பங்காசியஸ், ஓட்டலில் பாசா என்று பரிமாறுவது அந்த வகையைத்தான். பயந்தால் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். இரண்டும் வேண்டாம்.

சிக்லிட்டே வேண்டுமென்றால் செவரம். அதுவும் தென் அமெரிக்கா, 8 அங்குலம் வளரும், நிதானமான மீன். ஒன்று மட்டும் போதும். பாரட் மீன் நம் கடைகளில் எல்லா நேரமும் கிடைக்கும். அதற்கு வாய் முழுதாக மூடாது, கடித்துத் தற்காத்துக்கொள்ள முடியாது, அதனால் உங்கள் ஆஸ்கர் சாதுவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஊதா, பச்சை என்று சாயம் ஏற்றிய பாரட்டை வாங்கவே வாங்காதீர்கள். அந்த மீனை அவ்வளவு வதைத்துத்தான் அந்த நிறம் வருகிறது, நாம் வாங்குகிறவரை அது நிற்காது.

சக்கர் மீனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 6 அங்குலத்துக்கு மேல் ஒன்று விடலாம், தோல் கவசம் மாதிரி இருப்பதால் ஆஸ்கர் சீண்டாது. ஆனால் அது தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்ப வேண்டாம். அது பாசியைச் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிக்கும், ஓரடிக்கு மேல் வளரும். பசித்தால் இரவில் ஆஸ்கரின் பக்கவாட்டில் ஒட்டிச் சளிப்படலத்தையும் சுரண்டும், அதனால் அதற்கும் தனியாகத் தீனி போட வேண்டும்.

அரோவானா, அதாவது வாஸ்து மீன், கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்வர் அரோவானா 3 அடி வரை போகும், 6 அடித் தொட்டியில் திரும்பவே கஷ்டப்படும். ஆசிய அரோவானா, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம், 2022-ல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது ஆஸ்கர் வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். ஆண், பெண் வெளியே பார்த்துத் தெரியாது. குஞ்சிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை ஒத்துப்போகும், வளர்ந்த மீனிடம் புது ஆஸ்கரைக் கொண்டுபோய் விட்டால் வாயோடு வாய் கவ்விக்கொண்டு தாடையைக் கிழித்துக்கொள்ளும்.

விடுகிற முறையும் முக்கியம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து கடைக்கு வந்து, கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த மீன் களைத்துப்போயிருக்கும். மூன்று, நான்கு வாரம் தனி டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வைத்து நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் பெரிய தொட்டி. புது 6 அடித் தொட்டி என்றால் துணை மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் முதலில் விடுங்கள், ஆஸ்கரைக் கடைசியாக விடுங்கள். புதுத் தொட்டிக்கான ஃபில்டரை மட்டும் பழைய தொட்டியிலேயே ஒரு மாதம் சேர்த்து ஓடவிட்டுப் பிறகு மாற்றுங்கள், பாக்டீரியா அதிலேயே வந்துவிடும். விடுகிற அன்று ஆஸ்கருக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். ஆஸ்கர் ஏற்கெனவே இருக்கிற தொட்டி என்றால் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை அதற்குத் தெரியாமல் போகும். முதல் ஒரு வாரம் நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு வைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் பாருங்கள். செவுளை விரித்துக் காட்டுவது, ஒரு தடவை துரத்துவது எல்லாம் சகஜம். துடுப்பு கிழிந்திருந்தால், ஒரு மீன் ஃபில்டர் பின்னாலோ மேல்தண்ணீர் மூலையிலோ ஒடுங்கியே நின்றால், தீனி போட்டும் வராவிட்டால், அன்றே பிரித்துவிடுங்கள். "பழகிடும்" என்று காத்திருப்பதில்தான் நிறைய மீன் செத்துப்போகிறது. பிரித்து வைக்க ஒரு தொட்டியோ டப்போ தயாராக இல்லாமல் துணை மீனே வாங்கக் கூடாது. ஒத்துவராத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிறவர் யாருக்காவது கொடுங்கள். மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ காவிரியிலோ தயவுசெய்து விடாதீர்கள். சக்கர் மீன் கரையில் வளை தோண்டும், மீனவர் வலையைக் கிழிக்கும், நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் உரிய தீனியைத் தின்னும். ஒரு முறை பெருகிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

இனி ஏற்காடு. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டி 15 டிகிரி பக்கம் போய்விடும். ஆஸ்கருக்கும் சில்வர் டாலருக்கும் 24-லிருந்து 28 வரை வேண்டும். குளிரில் செரிமானம் நின்று, வெள்ளைப்புள்ளி நோய் வரும். 680 லிட்டருக்கு 300 வாட் ஹீட்டர் இரண்டு போடச் சொல்லுங்கள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும், ஒன்று அணையாமல் ஓடினாலும் தண்ணீர் கொதிநிலைக்குப் போகாது. கண்ணாடி ஹீட்டரை ஆஸ்கர் முட்டி உடைக்கும், பிளாஸ்டிக் கூடு மாட்ட வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் பிடிக்கிற ஆக்சிஜன் சேலத்தை விட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, அதனால் மீன் எண்ணிக்கையையும் அதற்குத் தக்கபடி குறைக்கச் சொல்லுங்கள். மழைநீரையோ ஊற்றுநீரையோ பிடித்து ஊற்றினால் அதில் கரைந்த உப்பு குறைவு, பிஹெச் சட்டென்று இறங்கும். தண்ணீரை ஒரேயடியாக நிறைய மாற்றாமல் வாரம் இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது நல்லது. அண்ணன் வீடு காபித் தோட்டத்துக்குள் என்றால், செடிகளின் பூஞ்சை நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவை கரைத்த டிரம்மில் மீன் தண்ணீர் பிடிக்கவே கூடாது. அதில் இருக்கும் தாமிரம் துளி அளவிலும் மீனைக் கொல்லும்.

மீனைச் சேலத்தில் வாங்கி மேலே கொண்டுபோவதானால் முந்தின நாள் தீனி போடாதீர்கள். ஒரு பைக்கு ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், பையைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் வெளியே குளிர் கூடிவிடும். போனதும் பையை அப்படியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடச் சொல்லுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.